சிங்கப்பூரில் பருவநிலை போஸ்ட்டாக்: முதல் கடிதம் தொடங்கி கடைசிச் சம்பளம் வரை

சென்ற ஆண்டு திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி தன் விண்ணப்பக் கடிதத்தை எனக்கு அனுப்பி, "அண்ணா, இதில் என்ன குறை? பதினான்கு பேராசிரியர்களுக்கு அனுப்பிவிட்டேன், ஒருவர்கூடப் பதில் போடவில்லை" என்று கேட்டிருந்தான். கடிதம் நல்ல ஆங்கிலத்தில் இருந்தது. வளிமண்டல அறிவியலில் முனைவர் பட்டம், நான்கு கட்டுரைகள், கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து பணியாற்றுபவர், தங்கள் மதிப்புமிக்க ஆய்வுக்குழுவில் ஒரு வாய்ப்பு. பேராசிரியரின் பெயரை மட்டும் மாற்றி அதே கடிதத்தை ஹாம்பர்குக்கும் அனுப்பலாம், பெர்த்துக்கும் அனுப்பலாம். விசாரித்தால், அவன் அனுப்பியும் இருந்தான்.

அவனுக்கு நான் எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனது. அதைச் சற்று ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். வளிமண்டலம், பருவநிலை, கடல்மட்டம், காற்றுமாசு என்று எந்தக் கிளையில் முனைவர் பட்டம் முடித்திருந்தாலும், முடிக்கும் தறுவாயில் இருந்தாலும், சிங்கப்பூரில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஒப்பந்த ஆய்வுப் பணி, தேடுகிறவர்களுக்கு இது உதவும். இங்கே ஆய்வுக்குழுக்கள் எண்ணிச் சொல்லும் அளவுக்குத்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இந்தத் தீவையும் சுற்றுவட்டாரத்தையும் பற்றிய திட்டவட்டமான கேள்விகளுக்காக நிதி வாங்கியிருக்கிறது. அந்தக் கேள்வி எது என்று தெரியாமல் எழுதும் கடிதம் படிக்கப்படாமலே போகும்.

1. முதலில் இந்த வானம்

சிங்கப்பூர் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர், வடக்குத் தெற்காக 27 கிலோமீட்டர். நம் துறையில் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் இஆர்ஏ5 மறுபகுப்பாய்வுத் தரவு, பழைய வானிலையை அளவீடுகளோடு கணினியில் மீண்டும் கணித்தது; அதன் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 31 கிலோமீட்டர். அதாவது ஒரு நாடே இரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. மேற்கே ஜூரோங்கில் குடையைப் பிடுங்கும் மழை பெய்யும்போது கிழக்கே சாங்கியில் துணி காயும். அந்த வேறுபாடு அந்தத் தரவில் தெரியாது. இங்குள்ள ஆய்வின் பாதித் தொல்லையும் பாதிச் சுவையும் இதில்தான் இருக்கின்றன.

ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் விடியலுக்கு முன்போ காலையிலோ சுமத்ரா பக்கமிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி ஒரு புயல்மேக வரிசை வரும். மேற்கு வானம் கறுத்து, காற்று திடீரென்று எழும்பி, ஒரு மணி நேரம் அடித்துப் பெய்து ஓய்ந்துவிடும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வேகமுள்ள வீச்சுகள் இதில் வழக்கம். இதற்குச் 'சுமத்ரா ஸ்குவால்' என்று பெயர். இதைச் சில மணி நேரம் முன்கூட்டிச் சொல்வது இன்றும் கடினம்.

டிசம்பர், ஜனவரியில் வருவது வேறு கதை. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் தென்சீனக் கடலிலிருந்து எழுச்சியாக வந்து இங்கே நாள் கணக்கில் பெய்யவைக்கிறது. சாங்கி நிலையத்தின் ஆண்டு சராசரி மழை 2,113 மில்லிமீட்டர். 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுக் கணக்கு அது. இந்தக் காற்றெழுச்சிதான் 2001 டிசம்பரில் 'வாமெய்' புயலை உருவாக்கியது. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வடக்கே, புயல் சுழல்வதற்குப் புவிச்சுழற்சி விசை போதாது என்று பாடப்புத்தகம் சொல்லும் இடத்தில் அது சுழன்றது. பிறகு பக்கத்து ஜோகூரில் கரையேறியது. நேர்காணலில் வாமெய் பற்றிக் கேட்டால் விழிக்காதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தோனேசியக் கரிநிலங்கள் (மக்கிய தாவரங்கள் படிந்த சதுப்பு நிலங்கள்) எரியும் ஆண்டுகளில் புகைமூட்டம் வரும்; 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. வெப்பத்தில், 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவாகி, 1983இல் தெங்காவில் பதிவான உச்சத்தைச் சமன் செய்தது. கடலைப் பொறுத்தவரை, நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு சராசரிக் கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. இந்த நான்கைந்து கவலைகளில் ஏதேனும் ஒன்றோடு உங்கள் ஆய்வேடு எங்கே தொடுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சாதகம் இருக்கிறது. அதை யாரும் கடிதத்தில் எழுதுவதில்லை. வெப்பமண்டலக் கடற்கரை, மேகக்கூட்டத் திரட்சி, வடகிழக்குப் பருவமழை இவையெல்லாம் நமக்கு வீட்டு விஷயம். நடு அட்சரேகை நாடுகளில் பயின்றவர் இதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

2. கடிதத்துக்கு முன் ஒரு படம்

இதை நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். கடிதம் எழுதுவதற்கு முந்தைய சனி, ஞாயிறு இரண்டு நாளையும் ஒதுக்கி ஒரே ஒரு படம் வரையுங்கள். சிங்கப்பூர் அரசின் திறந்த தரவுத் தளத்தில் தீவெங்கும் உள்ள மழைமானிகளின் ஐந்து நிமிட அளவீடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜப்பானின் ஹிமாவாரி-9 துணைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இந்தப் பகுதி முழுவதையும் படமெடுக்கிறது; அந்தத் தரவையும் ஆய்வுக்காக இலவசமாகப் பெறலாம். ஒரு ஸ்குவால் வந்த காலையைத் தேர்ந்தெடுங்கள். மேகவரிசை நீரிணையைக் கடக்கும் நேரத்தையும், மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடி வரை மழைமானிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் நேரத்தையும் ஒரே படத்தில் போடுங்கள்.

தம்பி வரைந்த படத்தில் துவாஸ் பக்கத்து மானி ஏறியதற்கும் சாங்கிப் பக்கத்து மானி ஏறியதற்கும் இடையே முக்கால் மணி நேரம் இருந்தது. நடுவில் ஒரு மானி மட்டும் கடைசி வரை பூஜ்யமாகவே கிடந்தது. "தரவு கெட்டுப்போயிருக்கிறது அண்ணா, அதை எடுத்துவிடட்டுமா?" என்றான். எடுக்காதே, அது உண்மையா பிழையா என்று பார் என்றேன். அவன் பக்கத்து மானிகளோடு ஒப்பிட்டு, மற்ற நாட்களிலும் அது பூஜ்யத்திலேயே நிற்கிறதா என்று சோதித்தான். இந்த ஒரு மானியைச் சோதித்த வேலையைப் பற்றிப் பிறகு நேர்காணலில் அவன் ஐந்து நிமிடம் பேசினான்.

காற்றுமாசுத் துறையினர் புகைமூட்ட வாரம் ஒன்றையும், கடல்மட்டத் துறையினர் அலைமானித் தொடர் ஒன்றையும் எடுத்துக்கொள்ளலாம். படம் அழகாக இருக்கத் தேவையில்லை. அச்சுகளின் அலகு மட்டும் சரியாக இருக்கட்டும்.

3. எங்கே, யாரிடம்

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தீவின் மேற்குக் கோடியில் இருக்கிறது. அங்கே ஆசியச் சுற்றுச்சூழல் பள்ளியும் சிங்கப்பூர் புவி ஆய்வகமும் உள்ளன. பழங்காலக் கடல்மட்டம், குகைப்படிவுகளிலிருந்து பழைய பருவமழையை வாசிப்பது, எரிமலைச் சாம்பல், வளிமண்டல வேதியியல், கணினிப் பருவநிலை மாதிரிகள் என்று வரம்பு விரிந்தது. பருவநிலை போஸ்ட்டாக் தேடுகிறவர் முதலில் கதவைத் தட்ட வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறை ஒரே கூரையின்கீழ் இல்லை. நகர வெப்பம் பற்றிப் புவியியல் துறையிலும், மழைவெள்ளம் பற்றிக் கட்டுமானச் சுற்றுச்சூழல் பொறியியல் துறையிலும், கடல் பற்றி வெப்பமண்டலக் கடல் அறிவியல் நிலையத்திலும், துணைக்கோள் படங்கள் பற்றித் தொலையுணர்வு மையத்திலும், காடும் கரிமமும் பற்றி இயற்கைசார் பருவநிலைத் தீர்வுகள் மையத்திலும் தேட வேண்டும். 2023இல் தொடங்கிய கரையோரப் பாதுகாப்பு, வெள்ளத் தாங்குதிறன் ஆய்வுக் கழகமும் இங்கேதான் இருக்கிறது. அதன் பின்னணியில், கரையோரப் பாதுகாப்புக்குப் பொறுப்பான, நாட்டின் நீர் நிறுவனமான பொதுப் பயனீட்டுக் கழகம் நிற்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் யூனிவர்சிட்டி டவுனில் 'கிரியேட்' வளாகம் உள்ளது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிங்கப்பூரோடு சேர்ந்து நடத்தும் ஆய்வு மையங்கள் அங்கே இருக்கின்றன: எம்ஐடியின் 'ஸ்மார்ட்', சூரிச்சின் சிங்கப்பூர்-இடிஎச் மையம் போன்றவை. 2017இல் தொடங்கிய 'கூலிங் சிங்கப்பூர்' என்ற நகர வெப்பத் திட்டம் இந்த வளாகத்தில்தான் வளர்ந்தது.

சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தைப் பலரும் வணிகக் கல்லூரி என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். ஐநாவின் பருவநிலைக் குழுவான ஐபிசிசியில், தாக்கங்களையும் தகவமைப்பையும் ஆராயும் இரண்டாம் பணிக்குழுவின் இணைத்தலைவராக 2023இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வின்ஸ்டன் சௌ அங்கேதான் பேராசிரியர். நகரங்கள், மனித உடலுக்கு வெப்பம் செய்வது ஆகிய பக்கம் போக விரும்புகிறவர்கள் அதையும் பாருங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே முக்கியமானது சிங்கப்பூர்ப் பருவநிலை ஆய்வு மையம். 2013இல் வானிலை ஆய்வகத்தின்கீழ் தொடங்கப்பட்டது. பாய லேபார் பக்கம், தை செங் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். பிரிட்டிஷ் வானிலைத் துறையோடு சேர்ந்து உருவாக்கிய 'சிங்வி' என்ற 1.5 கிலோமீட்டர் முன்னறிவிப்பு மாதிரி இவர்களுடையது. 2024 ஜனவரியில் வெளியான மூன்றாம் தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வையும் இவர்கள்தான் செய்தார்கள். உலக மாதிரிகளின் கணிப்பைத் தென்கிழக்காசியாவுக்கு 8 கிலோமீட்டர் கட்டத்துக்கும், சிங்கப்பூர் வட்டாரத்துக்கு 2 கிலோமீட்டர் கட்டத்துக்கும் நுணுக்கினார்கள். 2100க்குள் கடல்மட்டம் 0.23 முதல் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று அதில்தான் சொன்னார்கள். இங்கே வேலைக்குச் சேர்ந்தால் நீங்கள் அரசுப் பணியாளர். பதவிப் பெயர் 'ஆய்வு விஞ்ஞானி' என்று இருக்கும், விளம்பரம் அரசு வேலைத்தளத்தில் வரும். கட்டுரை எண்ணிக்கையைவிட, மாதிரியை ஓட்டி முடிப்பவரா என்பதைத்தான் பார்ப்பார்கள். பேராசிரியர் வேலையே கனவு என்றால் யோசித்துச் சேருங்கள். வானிலையையே தொழிலாகக் கொள்ள விரும்பினால் இதைவிட நல்ல இடம் இந்த வட்டாரத்தில் இல்லை.

4. பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது

புதிதாக வருகிறவர் கேட்கக் கூச்சப்படும் கேள்வி இதுதான். சம்பளத்தைக் கேட்பார்கள், நிதி எப்போது முடிகிறது என்று கேட்கமாட்டார்கள். நானும் கேட்கவில்லை. இரண்டாண்டு என்று நினைத்து வந்தேன். வந்த பிறகு பார்த்தால் அந்தத் திட்டத்தில் எஞ்சியிருந்தது பதினோரு மாதம்.

இங்கே போஸ்ட்டாக் பதவிக்குப் பெரும்பாலும் 'ரிசர்ச் ஃபெல்லோ' என்று பெயர். 'ரிசர்ச் அசோசியேட்' என்று விளம்பரம் வந்தால் அது முதுகலைப் பட்டதாரிக்கான நிலை. ஆனால் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருப்பவர்களைச் சில குழுக்கள் முதலில் அந்த நிலையில் சேர்த்து, பட்டம் கைக்கு வந்ததும் உயர்த்துவார்கள். அப்படியானால் உயர்த்தும் தேதியையும் சம்பளத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் வழக்கமாக ஓராண்டு, பிறகு நீட்டிப்பு. நீட்டிப்பு திட்ட நிதியைப் பொறுத்தது. கல்வி அமைச்சின் ஆய்வு நிதி மூன்று அடுக்காக இருக்கிறது. முதல் அடுக்கு சிறியது, பல்கலைக்கழகத்துக்குள்ளேயே முடிவாவது. இரண்டாம் அடுக்கு போட்டி மிகுந்தது, பொதுவாக மூன்றாண்டு. மூன்றாம் அடுக்கு பெரிய கூட்டுத் திட்டங்களுக்கானது. இவை தவிர தேசிய ஆய்வு அறநிறுவனத்தின் திட்டங்களும் வெவ்வேறு அரசு அமைப்புகளின் திட்டங்களும் உண்டு. நேர்காணலின் முடிவில், "உங்களிடம் கேள்விகள் உண்டா?" என்று கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: இந்தப் பதவி எந்த நிதியில் நடக்கிறது, அது எந்த மாதம் முடிகிறது, முடிந்த பிறகு என்ன யோசித்திருக்கிறீர்கள்? நல்ல பேராசிரியர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார். சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

சொந்தத் திட்டத்தோடு வர விரும்பினால், நன்யாங்கின் பிரெசிடென்ஷியல் போஸ்ட்டாக்டரல் ஃபெல்லோஷிப், லீ குவான் இயூ போஸ்ட்டாக்டரல் ஃபெல்லோஷிப், சுதந்திரமாகக் குழு அமைக்க உதவும் தேசிய ஆய்வு அறநிறுவனத்தின் ஃபெல்லோஷிப் ஆகியவை உண்டு. உலகெங்கிலுமிருந்து போட்டி. முதல் முயற்சியாக இவற்றை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

5. கடிதத்தைத் திருப்பி எழுதியது

தம்பியின் இரண்டாவது கடிதத்தின் முதல் பத்தியைத் தமிழில் தருகிறேன்:

"தமிழகக் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழை அதிகாலையில் கடலில் தொடங்கிக் கரைக்கு நகர்வதை 3 கிலோமீட்டர் கட்டத்தில் உருவகித்தேன். மேகத்திரட்சியைக் கணக்கில் நேரடியாகத் தீர்க்காத பெரிய கட்டங்களில் மழை சில மணி நேரம் முந்தி வருகிறது. 3 கிலோமீட்டரில் அந்தப் பிழை குறைகிறது, ஆனால் மறைவதில்லை. உங்கள் குழு ஆராயும் சுமத்ரா ஸ்குவால்களிலும் இதே நேரப் பிழை இருக்கிறதா என்று அறிய விரும்புகிறேன். ஒரு நாளின் மழைமானித் தரவை வைத்து நான் வரைந்த படத்தை இணைத்துள்ளேன்."

அவ்வளவுதான். அடுத்த பத்தியில் என்னென்ன கருவிகள் தெரியும் என்று இரண்டு வரி: டபிள்யூஆர்எஃப் வானிலை மாதிரி, பைதான் நிரல்மொழி, பெரிய தரவுக் கோப்புகளை உயர்திறன் கணினியில் கையாண்ட அனுபவம். மூன்றாவதில் பட்டம் எப்போது கிடைக்கும், எப்போது சேர முடியும். 'மதிப்புமிக்க', 'மேன்மை பொருந்திய' எல்லாம் போய்விட்டன. ஒரு பக்கத்துக்குள் முடிந்தது.

பதினான்கு பேருக்கு எழுதாமல் மூன்று பேருக்கு எழுதினான். ஒருவர் அன்று மாலையே பதில் போட்டார். அவரிடம் நிதி இல்லை; ஆனால் நிதி இருந்த இன்னொருவருக்குக் கடிதத்தை அனுப்பிவைத்தார். சிறிய ஊரில் இது அடிக்கடி நடக்கும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒருமுறை நினைவூட்டலாம். இரண்டாவது முறை வேண்டாம்.

பரிந்துரைக் கடிதம் தருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நம் ஊரில் பல வழிகாட்டிகள் "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். அப்படி எழுதினால் மூன்று கடிதமும் ஒரே குரலில் இருக்கும். படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். ஒருவரையாவது அவரே எழுதும்படி கெஞ்சியாவது கேட்டு வாங்குங்கள்.

6. நேர்காணல்

பெரும்பாலும் இணையவழியில் அரைமணி உரை, பிறகு கேள்விகள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். காலை பத்து மணி என்றால் திருச்சியில் ஏழரை. கரண்ட் போகும் நேரம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உரையில் ஒரு தோல்வியையும் காட்டுங்கள். எந்த ஓட்டம் ஏன் தவறியது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று சொன்னால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். 'முதல் ஆறு மாதத்தில் என்ன செய்வீர்கள்' என்பது ஏறத்தாழ நிச்சயமான கேள்வி. இங்கே பேராசிரியர்களைப் பெயர் சொல்லி அழைப்பதும் வழக்கம்தான். முதல் கடிதத்தில் 'பேராசிரியர்' என்று எழுதுங்கள். அவர் தன் பதிலில் வெறும் பெயரோடு கையெழுத்திட்டால் நீங்களும் அதற்கு மாறலாம். நான் ஒரு மணி நேரத்தில் முப்பது முறை 'சார்' போட்டேன். எதிரே இருந்தவர் பெண்.

7. பாஸ்: இங்கேதான் பொறுமை வேண்டும்

பேராசிரியர் 'சரி' என்று சொன்ன பிறகும் வேலை முடியவில்லை. போஸ்ட்டாக்குகள் பொதுவாக 'எம்ப்ளாய்மென்ட் பாஸ்' எனப்படும் வேலை அனுமதியில் வருகிறார்கள். விண்ணப்பிப்பவர் முதலாளி, நீங்கள் காகிதம் கொடுத்தால் போதும். விண்ணப்பத்துக்கு முன் அந்த வேலையை அரசின் வேலைத்தளத்தில் 14 நாளாவது விளம்பரம் செய்திருக்க வேண்டும். உங்களிடம் பேசி முடித்த வேலைக்கே விளம்பரம் வந்திருப்பதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் 2025 ஜனவரி முதல் மாதம் 5,600 வெள்ளி. டாலரை இங்கே நாம் வெள்ளி என்கிறோம். அந்த வரம்பு வயதோடு ஏறுகிறது. நாற்பதுகளின் நடுவில் 10,700 வெள்ளிவரை போகிறது. இடையில் வேலை பார்த்துவிட்டுத் தாமதமாக முனைவர் பட்டம் முடித்தவர்கள் இதை முதலிலேயே மனிதவளப் பிரிவிடம் கேட்டுவிடுவது நல்லது. 2023 செப்டம்பர் முதல் 'கம்பாஸ்' என்ற புள்ளிமுறையும் இருக்கிறது. சம்பளம், பட்டம், நிறுவனத்தில் உங்கள் நாட்டவர் எத்தனை பேர், உள்ளூர்வாசிகள் எத்தனை பேர் என்று பார்த்து 40 புள்ளி தேற வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள சுயமதிப்பீட்டுக் கருவியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அடுத்து வருவதுதான் நம்மவர்களைக் குறிப்பாகத் தொல்லைப்படுத்துவது. பட்டத்தைக் கணக்கில் காட்ட வேண்டுமென்றால் அது உண்மை என்று மூன்றாம் தரப்பு சரிபார்த்த சான்று வேண்டும். சரிபார்க்கும் நிறுவனம் உங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கேள்வி அனுப்பும். பதில் வரும் வேகம் உங்களுக்கே தெரியும். வேலை கிடைக்கட்டும் என்று காத்திராமல், பட்டமளிப்புச் சான்றிதழை இப்போதே விண்ணப்பித்து வாங்கிவையுங்கள். தற்காலிகச் சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால் இழுபறி வரும்.

பெயரும் ஒரு பிரச்சினை. தம்பியின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்து முன்னால், முனைவர் பட்டச் சான்றிதழில் பின்னால். கடவுச்சீட்டில் முன்னெழுத்தே இல்லை, அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராக விரிந்திருந்தது. கட்டுரைகளில் நான்காவதாக ஒரு வடிவம். நான்கும் ஒரே ஆள்தான் என்பதற்கு அவன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. இதை நீங்கள் இந்த வாரமே செய்யலாம். அவசரத்தில் செய்வதைவிட மலிவாகவும் முடியும்.

ஒப்புதல் கிடைத்ததும் 'கொள்கை அளவிலான ஒப்புதல்' என்ற கடிதம் வரும். ஆறு மாதத்துக்குள் சிங்கப்பூர் வந்து பாஸை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை இருக்கிற வேலையை விடாதீர்கள், விமான டிக்கெட் வாங்காதீர்கள். நான் வாய்வார்த்தை ஒப்புதலை நம்பி விட்டேன். கும்பகோணத்தில் மூன்று மாதம் சம்பளமில்லாமல் உட்கார்ந்து, "எப்போது போகிறாய்?" என்று கேட்ட அத்தனை உறவினர்களுக்கும் பதில் சொன்னேன். 'சரி' என்ற சொல்லிலிருந்து சாங்கியில் இறங்குவது வரை மூன்று, நான்கு மாதம் என்று கணக்குப் போட்டால் ஏமாறமாட்டீர்கள்.

துணையை அழைத்து வர மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். அந்தச் சார்ந்தோர் பாஸில் வந்தவர் வேலை பார்க்க வேண்டுமானால் அவருக்கும் தனி வேலை அனுமதி வேண்டும். இருவரும் ஆய்வாளர்கள் என்றால் இதைப் பேசி முடிவெடுத்துவிட்டு வாருங்கள்.

8. வீடும் முதல் வாரமும்

சிங்கப்பூரில் இறங்கும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்புங்கள், இலவசம். கட்டணம் கேட்கும் தளங்கள் போலி.

சம்பளத்தில் பெரிய பங்கை வாடகை தின்னும். தனியாக வருகிறவர்கள் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை எடுப்பதுதான் வழக்கம். நன்யாங்கில் சேர்ந்தால் பூன் லே, பயனியர், ஜூரோங் வெஸ்ட். பூன் லேயிலிருந்து 179, 199 எண் பஸ்கள் வளாகத்துக்குள் போகும். தேசியப் பல்கலைக்கழகம் என்றால் கிளமெண்டி, பூன விஸ்தா. லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்குப் பக்கத்தில் இருந்தால் சாப்பாட்டுக்கு வசதி என்று சிராங்கூன் ரோட்டில் அறை தேடாதீர்கள். மேற்கே போய்வரும் பயணத்தில் தூக்கம் போய்விடும். தேக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் போதும்.

வீவக அறைக்குக் குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம். 'சமைக்கலாம்' என்பதை எழுத்தில் வாங்குங்கள். 'லேசான சமையல்' என்றால் பல வீடுகளில் நூடுல்ஸ் கொதிக்கவைப்பது மட்டுமே. தாளிக்கும் வாசனைக்கு இடமில்லை. இந்தியர் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். மனம் சோரும், ஆனால் அடுத்த கதவு திறக்கும். வேலை போனால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வழிசெய்யும் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரைத் தீர்வை கட்டிய ரசீதையும் வாங்கிவையுங்கள்.

பாஸ் வந்ததும் சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளக் கணக்கு, பிறகு வங்கிக் கணக்கு, அதன் பிறகு கைப்பேசி இணைப்பு. இந்த வரிசை மாறினால் ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்கும். அலுவலகத்தில் உயர்திறன் கணினிக் கணக்கை முதல் நாளே கேளுங்கள். தேசியக் கணினி மையத்தின் 'ஆஸ்பயர் 2ஏ'யில் இடம் கிடைக்க உங்கள் திட்டத்தின் ஒதுக்கீடு தெரிந்திருக்க வேண்டும்.

கூடவே ஒரு சிபாரிசு. முதல் ஸ்குவால் வரும் காலையில் வானிலைச் செயலியின் ராடார் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மேற்குப் பக்கச் சன்னலருகே நில்லுங்கள். திரையில் சிவப்புக் கோடு நீரிணையைத் தாண்டி நெருங்கும்போது கீழ்மாடித் துணிக்கம்புகளை யார் யார் உள்ளே இழுக்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் புளோக்கில் ஆறாவது மாடி மூதாட்டி ஒருவர் ராடாருக்கு முன்பே இழுத்துவிடுவார்.

9. கிளம்பும்போது

எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர்களுக்கு மத்திய சேமநிதி கிடையாது. கைக்கு வருவது முழுச்சம்பளம். அதில் வருங்காலத்துக்கு எடுத்துவைப்பது உங்கள் பொறுப்பு. வருமான வரி சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்படுவதில்லை. மறு ஆண்டு ஏப்ரல் 18க்குள் இணையத்தில் கணக்குக் காட்ட வேண்டும். பிறகு வரும் வரி அறிவிப்புக்குக் கட்டப் பணம் தயாராக இருக்கட்டும். ஒரு நாட்காட்டி ஆண்டில் 183 நாளாவது இருந்தால் குடியிருப்பாளர் விகிதம். அது நமக்குச் சாதகம். ஆண்டின் பிற்பகுதியில் வந்து சேருகிறவர்கள் இதை மனிதவளப் பிரிவில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

வேலையை விட்டு நாட்டைவிட்டுப் போகும்போது முதலாளி வரித்துறைக்கு ஒரு மாதம் முன்பே தெரிவித்து, வரிக்கணக்கு முடியும்வரை உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்பது சட்டம். கடைசி மாதச் சம்பளம் கையில் வராது. நான் இது தெரியாமல், அந்தப் பணத்தை நம்பி அடுத்த ஊருக்குப் பெட்டிகள் அனுப்ப முன்பதிவு செய்திருந்தேன். புத்தகப் பெட்டி இரண்டு மாதம் ஒரு நண்பரின் கட்டிலுக்கடியில் கிடந்தது. ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் நாளில் இரண்டு மாதச் செலவுக்கான வெள்ளி தனியாக வங்கியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.